கருவாட்டுத் தூளைக் குறைத்து லைசின், மெத்தியோனின் சேர்த்த மீன் தீவனம்: வடசென்னைத் தொட்டிப் பண்ணைகளுக்கு முழுமையான வழிகாட்டி

மாதவரம், புழல், செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் தார்பாய்த் தொட்டியிலும் சிமென்ட் தொட்டியிலும் கிஃப்ட் திலேப்பியா (வேகமாக வளரும்படி தேர்வு செய்து மேம்படுத்திய திலேப்பியா) வளர்ப்பவர்களுக்குப் பெரிய செலவு தீவனம்தான். அதிலும் பணத்தை அதிகம் விழுங்குவது மீன் தூள். காசிமேட்டிலிருந்து வரும் கருவாட்டுத் தூளைப் பாதிக்கும் கீழே குறைத்து, அந்த இடத்தில் சோயாவும் கடலைப் புண்ணாக்கும் போடலாம். ஆனால் அப்படிப் போடும்போது தீவனத்தில் புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் சில குறைந்துவிடும். அந்தக் குறையை லைசின், மெத்தியோனின், திரியோனின் பொடிகளால் அடைக்க முடியும். எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டு அதை மட்டும் அடைக்க வேண்டும். அடைத்தது மீன் வாய்க்குப் போகும்வரை குருணைக்குள்ளேயே (பிழிந்து உலர்த்திய தீவன மணிக்குள்ளேயே) தங்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் பொடிக்குக் கொடுத்த காசு தண்ணீரோடு போய்விடும்.

யாருக்கு இது தேவை, யாருக்கு வேண்டாம்

மண் குளத்தில் ஏக்கருக்குச் சில ஆயிரம் கெண்டைக் குஞ்சுகளை விட்டு, தண்ணீரைப் பச்சையாக வைத்திருப்பவர்கள் இந்தப் பொடிகளை வாங்க வேண்டியதில்லை. மிதவை உயிரிகளிலும் புழுக்களிலும் தரமான புரதம் இருக்கிறது. அடர்த்தி குறைவாக இருக்கும்வரை மீனின் அமினோ அமிலத் தேவையில் பெரும்பங்கை அதுவே பார்த்துக்கொள்ளும். தவிட்டையும் புண்ணாக்கையும் ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிடும் குளங்களிலோ இது முழு வீண். தூள் தீவனத்தில் கலந்த லைசின் சில நிமிடங்களில் கரைந்து போகும். குளத்துக்கு உரம் போட்டதாகத்தான் ஆகும்.

தொட்டி, கூண்டு, நெருக்கமாக விட்ட சிறு குளம் ஆகியவற்றில் நிலைமை வேறு. அங்கே மீன் முழுக்கத் தீவனத்தையே நம்பியிருக்கிறது. பயோஃப்ளாக் தொட்டியில் மிதக்கும் நுண்ணுயிர்த் திரளைகளைத் திலேப்பியா தின்றாலும், அதை நம்பித் தீவனத்தின் அமினோ அமிலங்களைக் குறைவாக விட வேண்டாம். திரளையின் தரம் வாரத்துக்கு வாரம் மாறும்.

முதலில் ஒரு விஷயம்: கிஃப்ட் திலேப்பியா வளர்க்க அரசு அனுமதி தேவை. குஞ்சுகளை அங்கீகாரம் பெற்ற இடத்தில் மட்டும் வாங்குங்கள். கலப்புக் குஞ்சுக்கு எந்தத் தீவனம் போட்டாலும் இங்கே சொல்லும் வளர்ச்சி வராது.

மீனுக்கு என்ன வேண்டும்

மீன் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் பத்து: ஆர்ஜினின், ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல் அலனின், திரியோனின், டிரிப்டோபன், வாலின். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தசை கட்டும் வேலை அந்த அளவோடு நின்றுவிடும். மிஞ்சிய மற்ற அமினோ அமிலங்களை மீன் எரித்துவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியே தள்ளும்.

தொட்டிப் பண்ணைக்கு இது இரட்டை நட்டம். போடும் தீவனத்தின் எடையைப் புரத விகிதத்தால் பெருக்கி, அதை 0.092 ஆல் பெருக்கினால் உருவாகும் மொத்த அம்மோனியா ஏறக்குறையத் தெரிந்துவிடும். 32 சதவீதப் புரதமுள்ள 100 கிலோ தீவனம் சுமார் 2.9 கிலோ அம்மோனியா நைட்ரஜனைத் தரும். 28.6 சதவீதமாக இருந்தால் அது 2.6 கிலோவாகக் குறையும். 30 டிகிரி வெப்பத்தில் pH 7.5 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் 2.5 சதவீதம் அளவுக்குத்தான் நச்சு வடிவில் இருக்கும். அதுவே pH 8.5 ஆனால் 20 சதவீதம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காரமாக வரும் இடங்களில் அந்த 300 கிராம் குறைவதே ஏரேட்டர் நின்ற இரவில் மீனைக் காப்பாற்றும்.

தாவரப் பொருட்களை வைத்துச் செய்யும் தீவனத்தில் பத்தும் குறைவதில்லை. பெரும்பாலும் மூன்றுதான் இடறும்: லைசின், மெத்தியோனின், அடுத்து திரியோனின். கடலைப் புண்ணாக்கு அதிகமானால் லைசின் முதலில் குறையும். சோயா அதிகமானால் மெத்தியோனின் முதலில் குறையும். ஆர்ஜினினைப் பற்றிக் கவலை வேண்டாம். கடலைப் புண்ணாக்கில் அது ஏராளம்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2011-ல் வெளியிட்ட அட்டவணைப்படி நைல் திலேப்பியாவின் தீவனத்தில் லைசின் 1.6 சதவீதம், மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 1.0 சதவீதம், திரியோனின் 1.1 சதவீதம், டிரிப்டோபன் 0.3 சதவீதம் இருக்க வேண்டும். மெத்தியோனினையும் சிஸ்டினையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெத்தியோனினிலிருந்து மீன் சிஸ்டினைச் செய்துகொள்ளும்; சிஸ்டினிலிருந்து மெத்தியோனினைச் செய்யத் தெரியாது. அதனால் அந்த 1.0-ல் பாதிக்கு மேல் மெத்தியோனினாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருள் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

*கருவாட்டுத் தூள்.* கோழித் தீவனத்துக்குப் போகும் கருவாட்டில் உப்பும் மணலும் எவ்வளவு இருக்கும் என்று சொல்லவே முடியாது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு கைப்பிடித் தூளைப் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் மணல் தனி அடுக்காகப் படிந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தூளையும் தள்ளிவிடுங்கள்.

யூரியா கலப்படம் இன்னும் மோசம். ஆய்வகத்தில் புரதம் என்று சொல்வது நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிய எண். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால் ஒரு கிலோ யூரியா ஏறக்குறைய 2.9 கிலோ புரதம்போல அறிக்கையில் ஏறும். அதில் ஒரு கிராம்கூட அமினோ அமிலம் கிடையாது. வீட்டிலேயே இதைப் பிடிக்கலாம். வறுக்காத, வேகவைக்காத சோயா பயற்றை மாவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூடி போட்ட பாட்டிலில் தலா ஒரு கரண்டி கருவாட்டுத் தூளும் வெதுவெதுப்பான தண்ணீரும் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி சோயா மாவைச் சேர்த்து 15 நிமிடம் மூடி வையுங்கள். சோயா போட்ட பாட்டிலில் மட்டும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தால் யூரியா கலந்திருக்கிறது. பச்சைச் சோயாவிலுள்ள யூரியேஸ் என்சைம்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டிலும் நெடி அடித்தால் கருவாடே கெட்டது; அதுவும் வேண்டாம்.

*சோயா புண்ணாக்கு.* அதே சோதனையைத் திருப்பிப் போடுங்கள். புண்ணாக்குத் தூளோடு ஒரு சிட்டிகை யூரியாவும் வெதுவெதுப்பான தண்ணீரும் கலந்து 15 நிமிடத்தில் பலமான நெடி வந்தால் புண்ணாக்கு சரியாக வேகவில்லை. டிரிப்சின் என்ற செரிமான என்சைமைத் தடுக்கும் பொருள் அதில் உயிரோடு இருக்கிறது, மீனுக்குச் செரிக்காது. நிறம் காப்பிக்கொட்டைபோல் கருத்திருந்தால் எதிர்ப்பக்கத் தவறு: அதிகம் வறுபட்டு லைசின் வீணாகியிருக்கும். இளம் மஞ்சள் பழுப்பு நிறமும் லேசான வறுத்த மணமும் சரியான அடையாளம்.

*கடலைப் புண்ணாக்கு.* வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாங்கிச் சேமிக்காதீர்கள். பூஞ்சையால் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சை எந்த அமினோ அமிலமும் சரிசெய்யாது. உடைத்துப் பார்க்கும்போது உள்ளே பச்சை, கறுப்புப் புள்ளி இருந்தாலும் பழைய மண் வாடை அடித்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

*லைசின்.* கடையில் இரண்டு வகை கிடைக்கும். எல்-லைசின் ஹைட்ரோகுளோரைடு என்றால் 100 கிராமில் 78 கிராம் லைசின். லைசின் சல்ஃபேட் 70 என்றால் 100 கிராமில் ஏறக்குறைய 51 முதல் 55 கிராம்தான். மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் சல்ஃபேட்டை ஹைட்ரோகுளோரைடு என்று நினைத்துக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. விலையைக் கிலோவுக்கு ஒப்பிடாமல் விலையை 0.78 ஆலோ 0.51 ஆலோ வகுத்து, உண்மையான லைசினுக்கு ஒப்பிடுங்கள். ஹைட்ரோகுளோரைடைச் சோதிக்க 5 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைக்கவும். இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டும். கலங்கினாலோ வெள்ளையாகப் படிந்தாலோ மாவோ சுண்ணாம்போ கலந்திருக்கும்.

*டிஎல்-மெத்தியோனின் 99 சதவீதம்.* மினுங்கும் வெள்ளைத் தூள், கந்தக வாடை. தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். 3 கிராமை 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கலக்கினால் கரைந்துவிட வேண்டும். டிஎல் என்பது டி, எல் என்ற இரண்டு வடிவமும் கலந்தது; டி வடிவ மெத்தியோனினையும் மீன் எல் வடிவமாக மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் இதை முழு 99 சதவீதமாகவே கணக்கில் எடுக்கலாம். திரவ மெத்தியோனின் ஹைட்ராக்ஸி அனலாக் கோழிப் பண்ணைக்காரர்களிடம் மலிவாகக் கிடைக்கும். மீன் அதை அவ்வளவு திறமையாகப் பயன்படுத்துவதில்லை. சின்ன பண்ணைக்கு அது வேண்டாம்.

*எல்-திரியோனின் 98.5 சதவீதம்.* இதில் சொல்லிக்கொள்ளும் சிக்கல் எதுவும் இல்லை.

பிரித்துக் கட்டிய பொட்டலம் வேண்டாம்; கம்பெனி முத்திரையும் பேட்ச் எண்ணும் உள்ள 25 கிலோ மூட்டையை நான்கைந்து பண்ணைக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது நல்லது. எண்ணூர்க் காற்றின் ஈரத்தில் லைசின் ஒரே வாரத்தில் கட்டி தட்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள்.

“அமினோ” என்று எழுதிய திரவப் பாட்டில்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ தீவனத்துக்கு 10 மில்லி என்று போட்டிருக்கும். அதில் 20 சதவீதம் அமினோ அமிலம் இருப்பதாக வைத்தாலும் கிடைப்பது 2 கிராம் கலவை. சோயாவிலிருந்து வந்த கலவையானால் அதில் லைசின் 0.12 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். கீழே வரும் கணக்கில் ஒரு கிலோ தீவனத்துக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 4 கிராம். வாசனைக்கு அந்தப் பாட்டில் உதவலாம், குறையை அடைக்காது.

கணக்குப் போடும் முறை

ஒவ்வொரு பொருளிலும் 100 கிராமுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். புரதம், லைசின், மெத்தியோனின், சிஸ்டின், திரியோனின் என்ற வரிசையில் கிராம் கணக்கு:

கருவாட்டுத் தூள்: 50, 3.5, 1.3, 0.45, 2.0
சோயா புண்ணாக்கு: 46, 2.85, 0.63, 0.68, 1.8
கடலைப் புண்ணாக்கு: 42, 1.45, 0.45, 0.55, 1.15
எண்ணெய் நீக்கிய தவிடு: 15, 0.6, 0.28, 0.27, 0.55
மக்காச்சோளம்: 8.5, 0.25, 0.18, 0.19, 0.3

இவை நடைமுறைச் சராசரிகள். உங்கள் சரக்கின் புரதத்தை மட்டுமாவது ஆய்வகத்தில் பாருங்கள். அமினோ அமிலங்களை நேரடியாக அளக்கும் சோதனை விலை அதிகம், அதற்குப் போக வேண்டியதில்லை. புரதம் மாறினால் மற்ற எண்களை அதே விகிதத்தில் மாற்றினால் போதும். சோயாவில் புரதம் 44 என்று வந்தால், லைசின் 2.85 × 44 ÷ 46 = 2.73. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகமும் இருப்பதால் சோதனை பற்றிக் கேட்க நீங்கள் தூரம் போக வேண்டாம்.

இனி கலவை. 50 கிராமிலிருந்து 500 கிராம் வரை வளரும் திலேப்பியாவுக்கு 100 கிலோ:

கருவாட்டுத் தூள் 8 கிலோ
சோயா புண்ணாக்கு 25 கிலோ
கடலைப் புண்ணாக்கு 18 கிலோ
எண்ணெய் நீக்கிய தவிடு 24 கிலோ
மக்காச்சோள மாவு 12 கிலோ
மரவள்ளிக் கிழங்கு மாவு 6 கிலோ
எண்ணெய் (மீன் எண்ணெயும் சோயா எண்ணெயும் பாதிப் பாதி) 3 கிலோ
டைகால்சியம் பாஸ்பேட் 1.5 கிலோ
வைட்டமின், தாதுக் கலவை 1 கிலோ
லைசின் ஹைட்ரோகுளோரைடு 500 கிராம்
டிஎல்-மெத்தியோனின் 300 கிராம்
எல்-திரியோனின் 270 கிராம்
குவார் கம் (குருணையைப் பிடித்துவைக்கும் கொத்தவரை விதைப் பசைத் தூள்) 430 கிராம்

கடைசி மூன்று அமினோ அமில எண்கள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் நாளைக்குக் கலவையை மாற்றும்போது நீங்களே போட முடியும். லைசினை எடுத்துக்கொள்வோம். கருவாட்டுத் தூள் 8 கிலோவில் 0.28 கிலோ, சோயாவில் 0.71, கடலைப் புண்ணாக்கில் 0.26, தவிட்டில் 0.14, மக்காச்சோளத்தில் 0.03. கூட்டினால் 1.43 கிலோ. அத்தனையும் செரிக்காது; 85 சதவீதம் என்று வைத்தால் 1.21. தேவை 1.6. குறைவது 0.39 கிலோ. இதை 0.78 ஆல் வகுத்தால் 0.50 கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடு.

மெத்தியோனினும் சிஸ்டினும் இதே வழியில் 0.82 வரும், செரிப்பது 0.70, குறைவது 0.30. திரியோனின் 0.985, செரிப்பது 0.84, குறைவது 0.26 கிலோ. அதை 0.985 ஆல் வகுத்து 270 கிராம் என்று எடுத்திருக்கிறோம். பொருட்களிலிருந்து வரும் புரதம் 27.8 சதவீதம். பொடிகளின் நைட்ரஜனையும் சேர்த்தால் 28.6.

எள்ளுப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தால் கடலைப் புண்ணாக்கில் 5 கிலோவை அதற்கு மாற்றலாம். எள்ளில் மெத்தியோனின் அதிகம், லைசின் மிகக் குறைவு. ஆகவே மெத்தியோனின் பொடி குறையும், லைசின் பொடி ஏறும். அதன் கசப்பும், தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டும் காரணமாக அதற்கு மேல் போக வேண்டாம்.

கருவாட்டைக் குறைத்தால் பாஸ்பரஸும் குறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். டைகால்சியம் பாஸ்பேட் அதற்காகத்தான். திலேப்பியாவின் இரைப்பையில் அமிலம் சுரப்பதால் அது கரையும். ரோகு, கட்லா, மிர்கால், தங்கமீன், கோய் எல்லாம் இரைப்பை இல்லாத மீன்கள். அவற்றுக்கு மோனோகால்சியம் பாஸ்பேட்தான் பயன்படும்.

தீவனம் செய்யும் முறை

1. எல்லா உலர் பொருட்களையும் அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கும் அளவுக்கு அரைக்கவும். மாவு கரகரப்பாக இருந்தால் குருணையில் வெடிப்பு விழும்; அந்த வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே புகுந்து லைசினைக் கரைத்துக்கொண்டு போகும்.

2. 100 கிலோவை ஒரே தடவையாகச் செய்யாமல் நான்கு பங்காகப் பிரிக்கவும். ஒவ்வொரு பங்குக்கும் லைசின் 125 கிராம், மெத்தியோனின் 75 கிராம், திரியோனின் 68 கிராம், குவார் கம் 108 கிராம், வைட்டமின் கலவை 250 கிராம் என்று கிராம் தராசில் நிறுத்து முன்கூட்டியே பொட்டலம் கட்டிவிடுங்கள். மளிகைத் தராசை இதற்கு நம்ப வேண்டாம்.

3. ஒவ்வொரு பங்கிலும் ஒரு கிலோ நைசான தவிட்டை முதலில் தனியே எடுத்து வைத்துக்கொள்ளவும். அமினோ அமிலமும் வைட்டமினும் குவார் கம்மும் தவிர மற்ற உலர் பொருட்களைக் கலக்கவும். அதற்கு 8 முதல் 10 லிட்டர் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஆவியில் 20 முதல் 25 நிமிடம் வேகவைக்கவும். மரவள்ளி மாவும் மக்காச்சோள மாவும் வெந்து பசையாவது இப்போதுதான்.

4. வெந்த மாவைப் பரப்பி ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூடு, அதாவது 45 டிகிரிக்குக் கீழே வர வேண்டும்.

5. எடுத்து வைத்த ஒரு கிலோ தவிட்டில் பொட்டலத்தை முதலில் கலக்கவும். பிறகு அதை ஆறிய மாவின் மேல் மூன்று தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் பிசையவும். மொத்தப் பொட்டலத்தையும் நேராக மாவில் கொட்டினால் ஒரு குருணையில் நான்கு மடங்கும் அடுத்ததில் ஒன்றுமில்லாமலும் போகும். அளவுக்கு மீறிய மெத்தியோனின் மீனின் பசியையே குறைத்துவிடும்.

6. பங்குக்குரிய எண்ணெய் 750 கிராமில் பாதியை இப்போது சேர்த்துப் பிசைந்து, 3 மில்லிமீட்டர் ஓட்டைத் தகட்டில் பிழியவும்.

7. நிழலும் காற்றும் உள்ள இடத்தில் துணியின் மேல் மெல்லியதாகப் பரப்பி உலர்த்தவும். உலர்த்தும் பெட்டி இருந்தால் 60 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். உடைத்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும். ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்கும். மணலிப் பக்கம் திறந்த மாடியில் காய வைத்தால் தூசு படியும், வலை போட்டு மூடுங்கள்.

8. மீதி எண்ணெயை உலர்ந்த குருணையின் மேல் தெளித்துப் புரட்டுங்கள். இந்த எண்ணெய்ப் படலம் கரைதலைத் தாமதப்படுத்தும்.

மாவில் வெல்லப்பாகோ சர்க்கரைப் பாகோ சேர்க்கக் கூடாது. சர்க்கரையும் லைசினும் சூட்டில் ஒன்றோடொன்று பிணைந்து, மீனுக்குச் செரிக்காத பழுப்புப் பொருளாகிவிடும். பயோஃப்ளாக் தொட்டிக்கு வெல்லப்பாகு வேண்டுமென்றால் அதைத் தண்ணீரில் விடுங்கள்.

தயாரான குருணையைச் சோதிப்பது கட்டாயம். 10 கிராமை வலைத்துணியில் கட்டித் தொட்டித் தண்ணீரில் 15 நிமிடம் தொங்கவிட்டு, எடுத்து முன்பிருந்த அதே உலர்வுக்குக் காயவைத்து நிறுக்கவும். 9 கிராமுக்குக் குறையாமல் மிஞ்சினால் நல்லது. 8.5-க்குக் கீழே போனால் அரைப்பு கரகரப்பாக இருக்கிறது அல்லது மாவு வேகவில்லை. எடை இழப்பைவிட லைசின் இழப்பு எப்போதும் அதிகமாகவே இருக்கும் என்பதால் இதில் தாராளம் காட்ட வேண்டாம்.

போடும் முறை

பொடியாகச் சேர்த்த அமினோ அமிலம் செரிக்கக் காத்திருப்பதில்லை. நேராகக் குடலில் உறிஞ்சப்பட்டு, புரதத்திலிருந்து வரும் மற்ற அமினோ அமிலங்களுக்கு முன்பே இரத்தத்தில் ஏறிவிடும். கூட்டாளிகள் வருவதற்குள் அதில் ஒரு பகுதி எரிந்துபோகும். இந்தக் காரணத்தால் நாளின் தீவனத்தை இரண்டு வேளையில் கொட்டாமல் நான்கு வேளையாகப் பிரிக்க வேண்டும். குடலில் எப்போதும் கொஞ்சம் உணவு இருந்தால் இரண்டும் சந்தித்துக்கொள்ளும். காலை 7, 11, மாலை 3, 6 மணி நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தும்.

50 முதல் 100 கிராம் மீனுக்கு உடல் எடையில் 4 சதவீதம், 100 முதல் 250 கிராமுக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 2 சதவீதம் என்று தொடங்குங்கள். இந்தக் குருணை மூழ்கும் வகை என்பதால் ஒரு தட்டைத் தாழக் கட்டி அதில் போட்டால் மிச்சம் தெரியும். 10 நிமிடத்தில் தீர வேண்டும். மார்கழிக் குளிரில் தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலைகளில் முதல் வேளையைத் தள்ளிப் போடுங்கள். மந்தமாகத் தின்னும் மீனுக்குப் போட்ட குருணையில் லைசின் கரைவது உறுதி.

பலன் தெரியவில்லை என்றால்

பெரும்பாலும் தவறு கணக்கில் இருக்கும். ஏற்கெனவே 20 கிலோ நல்ல மீன் தூள் உள்ள தீவனத்தின் மேல் லைசின் தூவினால் எதுவும் மாறாது, குறையே இல்லாதபோது அடைக்க ஒன்றுமில்லை. அடுத்து, ஒன்றை மட்டும் சேர்ப்பது. லைசின் குறைவாக இருக்கும் தீவனத்தில் மெத்தியோனின் மட்டும் போட்டால் வளர்ச்சி நகராது. லைசின் போட்ட பிறகு மெத்தியோனின் தடுக்கும், அதையும் போட்ட பிறகு திரியோனின். மூன்றாவதை வாங்கப் பணம் இல்லையென்றால் கருவாட்டுத் தூளை 8-லிருந்து 11 கிலோவாக உயர்த்திக் கடலைப் புண்ணாக்கைக் குறைப்பதும் உதவும். திரியோனினை முழுக்க ஈடுகட்டாது, இடைவெளியைக் கொஞ்சம்தான் சுருக்கும்.

மீன் நன்றாகத் தின்கிறது, எடை மட்டும் ஏறவில்லை, அறுத்துப் பார்த்தால் குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு, கல்லீரல் வெளிறிக் கிடக்கிறது என்றால் அமினோ அமிலக் குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். வால் துடுப்பு அரிப்பு லைசின் குறைவாலும் வரும், ஆனால் தொட்டியில் அதற்கு அம்மோனியாவும் பாக்டீரியாவும் முதல் காரணம். தண்ணீரைப் பார்க்காமல் தீவனத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

உண்மையில் பலன் உண்டா என்று அறிய ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகள் போதும். ஒரே எடையுள்ள 60 மீன்களை ஒவ்வொன்றிலும் விட்டு, ஒன்றில் பழைய தீவனம், மற்றதில் புதியது, 60 நாள். 15 நாளுக்கு ஒருமுறை 20 மீனைப் பிடித்து நிறுக்கவும். போட்ட தீவனத்தைக் கூடிய எடையால் வகுத்தால் தீவன மாற்று விகிதம் கிடைக்கும்: 18 கிலோ போட்டு 12 கிலோ கூடியிருந்தால் 1.5. இரண்டு தொட்டிக்கும் 5 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் அதைத் தீவனத்தின் கணக்கில் எழுதாதீர்கள், தொட்டிக்குத் தொட்டியே அவ்வளவு மாறும். தொட்டிகளை மாற்றி இன்னொரு முறை பாருங்கள்.

மற்ற மீன்களுக்கு

ரோகுவுக்கு லைசின் தேவை திலேப்பியாவைவிட அதிகம், 2.3 சதவீதம். அந்த இடைவெளி முழுவதையும் பொடியால் அடைக்க முயல வேண்டாம். இரைப்பை இல்லாத கெண்டைகளில் அதிகப் பொடி அமினோ அமிலம் சரியாக வேலை செய்வதில்லை. லைசின் ஹைட்ரோகுளோரைடு தீவனத்தைப் புளிப்பாக்குவதும் ஒரு காரணம். தீவனத்தின் pH-ஐ 6.5-க்கு மேல் கொண்டுவந்த பிறகே கெண்டை வளர்ந்ததை 1970-களின் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. சோயாவையும் கருவாட்டையும் கூட்டி, பொடியை 0.3 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கொளத்தூரில் தங்கமீனும் கோயும் வளர்ப்பவர்களுக்கும் இதே விதிதான். சின்னக் குருணையில் கரைதல் இன்னும் வேகம் என்பதால் ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை தேவைப்படும்.

பழவேற்காடு, எண்ணூர் கழிமுகப் பக்கம் கொடுவா வளர்ப்பவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள மிதக்கும் தீவனத்தை வாங்கிப் போடுவதே நல்லது. லைசின் 2.1, மெத்தியோனினும் சிஸ்டினும் 1.2 சதவீதம் அதன் தேவை. மீன் தூளை அதிகம் குறைத்தால் டாரினும் (அமினோ அமிலம் போன்ற ஒரு சத்து) சேர்க்க வேண்டிவரும். கைப்பிழியில் செய்த மூழ்கும் குருணையைக் கொடுவா திரும்பிப் பார்க்காது. இறால் இன்னொரு எல்லை: குருணையைக் கையில் பிடித்து மணிக்கணக்கில் கொறிப்பதால் சாதாரண மெத்தியோனின் அதற்குள் கரைந்துவிடும். அதற்கென்றே எளிதில் கரையாத இரட்டை மெத்தியோனின் (இரண்டு மெத்தியோனின் பிணைந்தது) விற்கிறது. அதைத் தீவன ஆலைகள் போடட்டும். பண்ணையில் பொடி வாங்கி இறால் தீவனத்தின் மேல் தடவுவதை நிறுத்திவிடலாம்.